ஐந்தாம் வார்த்தைக்கு நான் சொன்ன உதாரணம்

பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் ஷீபா ஆலயத்தில் விழுந்தாள். அதிக நேரம் பேசிவிட்டேனோ என்று அப்போதுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நேரம் நிமிடக் கணக்காக நினைவிருக்கிறது. நான் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கி வந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அடுத்துப் பேச வேண்டியவர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஷீபா பாதி பெஞ்சிலும் பாதி தரையிலுமாகக் கிடந்தாள்.

எங்கள் சபையில் அன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு ஏழு முறை பேசினார். அந்த ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவோம். ஐந்தாவது வார்த்தை, ‘தாகமாயிருக்கிறேன்’ என்பது. இந்த வருடம் அது எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதக் கூசுகிறது. நான் கேட்டு வாங்கினேன்.

விருத்தாசலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. சபையில் ஞாயிறு பள்ளியும் என் பொறுப்பு. அன்றாடம் கண்ணில் படுகிற எதையாவது எடுத்து, அதிலிருந்து ஆண்டவர் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றைக் காட்டுவது என் வழக்கம். அதற்காகவே எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. என் கணவர் ஜான்சன் செராமிக் சூளையில் வேலை பார்ப்பவர். சூளையின் சூட்டை அவசரப்பட்டு இறக்கினால் உள்ளே இருக்கும் இன்சுலேட்டர்களில், மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான்களில், மயிரிழை போல வெடிப்பு விழும் என்று அவர் ஒருமுறை சொன்னார். அதை வைத்து ஒரு ஞாயிறு முழுக்கப் பொறுமையைப் பற்றிப் பேசினேன். பெண்ணாடம் ஆலைக்குப் போன கரும்பு டிராக்டர் நடுவழியில் நின்று வழியை அடைக்க, பின்னால் வந்த பஸ்ஸில் நான் ஒரு மணி நேரம் வெந்தது இன்னொரு பாடம். ஷீபா கேலி செய்வாள்.

“அம்மா, இன்னிக்கு இட்லி கல்லாட்டம் இருக்குது. இதுல என்னா பாடம், சொல்லு.”

லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் உபவாசம், தொடங்கியபோது காலைச் சாப்பாட்டை விடப்போவதாக அவள் சொன்னாள். பதினைந்து வயது, பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு. வேண்டாம் என்று வாயால் சொன்னேன். மனத்துக்குள் பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் இளைக்கத் தொடங்கினாள். உபவாசம் என்று நினைத்தேன். மதியம் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள். காலையில் வெறும் வயிறு, அப்படித்தான் பசிக்கும் என்று நினைத்தேன். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து குளியலறைக்குப் போனாள். படிக்கிற பிள்ளை, தூக்கம் சரியில்லை என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்கவேயில்லை. வெயில் என்று நினைத்தேன்.

ஜான்சன் இரண்டு வருடமாகக் குஜராத்தில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறார். வீடியோ காலில் பார்த்துவிட்டு, “புள்ள எளச்சிட்டாளே ரூபி, டாக்டருகிட்ட காட்டேன்” என்றார். லெந்து முடிந்தால் உடம்பு தேறிவிடும் என்றேன்.

குளியலறையில் எறும்பு மொய்த்தது. அதற்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை. பொடி வாங்கித் தூவினேன். அந்த ஞாயிறு பிள்ளைகளுக்கு எறும்பின் சுறுசுறுப்பைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

இதைப் படிக்கிற பெற்றோருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் சேர்ந்து ஒரே நோயின் அடையாளங்கள். வயிற்றுக்குள் இருக்கும் கணையம் இன்சுலின் என்ற ஒரு நீரைச் சுரக்கிறது. சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரை உடம்பின் அணுக்களுக்குள் போக அது வேண்டும். சில பிள்ளைகளுக்கு எந்தத் தப்பும் செய்யாமலே அந்தச் சுரப்பு நின்றுபோகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கி, சிறுநீரில் வழிகிறது. போகும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அந்தத் தாகம். முதல் வகைச் சர்க்கரை நோய் என்கிறார்கள். கணையம் என்ற சொல்லை எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் வருடா வருடம் எழுதியிருக்கிறேன்.

பெரிய வெள்ளிக்கு உதாரணம் தேடியபோது ஷீபாவின் தண்ணீர் பாட்டில்தான் கண்ணில் பட்டது. மேடையில் நின்று சொன்னேன்: என் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், எவ்வளவு குடித்தாலும் அவள் தாகம் தீர்வதில்லை, நம் ஆத்துமாவும் ஆண்டவருக்காக அப்படித் தவிக்க வேண்டும். அந்தப் பெண் இன்று காலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடாமல் உபவாசம் இருக்கிறாள் என்றும் சொன்னேன். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் விழுந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். “உபவாசம் இருந்த புள்ள. மயக்கந்தான், காத்து வுடுங்க.” யாரோ ஓடிப்போய்க் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் யார் மயங்கினாலும் அதுதான் முதல் வைத்தியம். என் கையாலேயே இரண்டு டம்ளர் கொடுத்தேன். இழுத்துக் குடித்துவிட்டு, “இன்னும்” என்றாள். மூன்று மணி வரை பக்கத்து அறையில் படுக்கவைத்திருந்து, ஆராதனை முடிந்ததும் ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் வாந்தி எடுத்தாள். தலையில் கை வைத்து ஜெபித்துப் படுக்கவைத்தேன்.

ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வந்தாள். இன்சுலேட்டர் கம்பெனியில் பீங்கான்களைக் கிளேஸ் என்ற வெள்ளைப் பூச்சுக் குழம்பில் முக்குகிறவள். வேலை விட்டு வந்த கையோடு, முழங்கை வரை வெள்ளை காய்ந்திருக்க, வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“டீச்சரு, பாப்பா ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?”

“காலையிலேர்ந்து சாப்பிடலக்கா. தூங்குனா சரியாயிடும்.”

மாடிப்படி ஏறி வந்தவள் போல ஷீபா படுத்தபடியே ஆழமாக, வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். செல்வி அக்கா உள்ளே வந்து அவள் முகத்தருகே குனிந்தாள்.

“வாயில வாசன அடிக்குது. அழுவுன வாழப்பழமாட்டம்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “போன வாரம் எறும்புப் பொடி வாங்கியாந்தீங்களே, எங்க போடறதுக்கு?”

“பாத்ரூம்லக்கா.”

“எங்க வூட்டுக்காரருக்குச் சுகருன்னு தெரிஞ்சதே எறும்ப வச்சித்தான். எழுந்திரு. ஜெபம் போற வழியில பண்ணிக்கலாம், மொதல்ல ஆட்டோவக் கூப்புடு.”

பத்து வருடமாக என்னை நீங்கள் என்றே சொல்லி வந்தவள் அன்றைக்குத்தான் எழுந்திரு என்றாள். அந்தச் சொல்லில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இன்றுவரை அது முழுதாக விட்டுப் போகவில்லை.

ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மீட்டரில் வைத்தார்கள். எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. நர்ஸ் வேறு விரலில் குத்தினாள். அதே எழுத்துகள். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து எனக்கு ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது. டாக்டர் வந்து பார்த்தார்.

“இந்த மீட்டர் அறுநூறு வரைக்கும்தாம்மா காட்டும். அதுக்கு மேல போனா நம்பர் வராது. இனிப்பா ஏதாவது குடுத்தீங்களா?”

“குளுக்கோஸ். ரெண்டு டம்ளர்.”

அவர் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு டம்ளரால் வந்ததில்லை, பல வாரமாக ஏறியது என்று பிறகு சொன்னார். அன்றைக்குத் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது. இன்சுலின் இல்லாதபோது உடம்பு பசியில் தன் கொழுப்பையே எரிக்கிறது, அந்தக் கழிவு ரத்தத்தை அமிலமாக்குகிறது, அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் இப்படி மூச்சு வாங்குகிறது என்று விளக்கினார். கீட்டோ அசிடோசிஸ் என்று பெயர். “இங்க வச்சிக்க முடியாது. பாண்டிச்சேரிக்குக் கொண்டு போங்க. இப்பவே.”

ஆம்புலன்ஸில் செல்வி அக்காவும் ஏறினாள். கை கழுவக்கூட இல்லை. வடலூரைத் தாண்டும்போது ஷீபா கண் திறந்து, “தண்ணி” என்றாள். நான் பாட்டிலை எடுத்தேன். கூட வந்த நர்ஸ் என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

புதுச்சேரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். ஒரு கையில் உப்புநீர், இன்னொரு கையில் இன்சுலின். பேச்சு குழறுகிறது, வாந்தி வருகிறது, இந்த நிலையில் வாயால் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் அங்கிருந்த இளம் பெண் மருத்துவர். வேண்டிய தண்ணீர் நரம்பு வழியே போகிறதாம். “சுகரையும் வேகமா இறக்கக் கூடாதும்மா. மெதுவாத்தான் இறக்கணும். சட்டுனு இறங்கினா மூளையில வீக்கம் வரும். முதல் இருபத்துநாலு மணி நேரந்தான் பயம்.”

ஜான்சனிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். “சூட்ட மெதுவா எறக்கறாங்க. சரிதான். இல்லன்னா வெடிப்பு வுழும்” என்றார். நான் பொறுமைக்கு உதாரணமாகச் சொன்ன அதே சூளை. இப்போது அதற்குள் என் மகளின் தலை இருந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கேட்பார் என்று காதோடு ஃபோனை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். “வண்டி ஏர்றேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மணிக்கு ஒருமுறை விரலில் குத்தினார்கள். மணிக்கு ஒருமுறை கண்ணில் டார்ச் அடித்துப் பெயர் கேட்டார்கள். அவள் பெயர் சொல்லத் தாமதமான ஒவ்வொரு முறையும் நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். இடையில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“அம்மா, ஒரு மூடி. பாட்டில் மூடியால ஒரே ஒரு மூடி குடும்மா.”

உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. நர்ஸ் ஒரு பஞ்சை நனைத்து என்னிடம் கொடுத்து, உதட்டில் மட்டும் ஒற்றச் சொன்னாள். ஒற்றினேன். அவள் பல்லால் பஞ்சைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பழக்கம் போல என் மனம், சிலுவையில் தாகம் என்ற இயேசுவின் வாய்க்குக் காடியில் தோய்த்து நீட்டிய கடற்பஞ்சுக்கு ஓடியது. எவ்வளவு பொருத்தமான உதாரணம் என்றுகூடத் தோன்றிவிட்டது. என் மேலேயே அருவருப்பு வந்தது. அவள் தாடையைப் பிடித்து மெல்லப் பஞ்சை உருவினேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

எங்கள் பிரசங்கங்களில் ஆண்டவரின் தாகத்தை ஆத்துமாக்களின் மேல் உள்ள தாகம் என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அந்தக் கட்டிலருகே நிற்கும்போது, அவருக்கு முதலில் வெறும் தாகம்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது. ரத்தம் போய், வெயிலில் காய்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட தாகம். உடம்பு வலியை மறைக்காமல் சொன்ன ஒருவரை எல்லோரும் சேர்ந்து பாடமாக்கிவிட்டோம். என் மகளுக்கு நான் செய்ததும் அதுதான். அன்று நீண்ட ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. உமக்குத் தெரியும், உமக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் ரத்தத்தில் அமிலம் குறைந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் பயப்படுவதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் முப்பது மில்லி தண்ணீர் அளந்து கொடுத்தாள். ஷீபா அதை வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

இரவெல்லாம் வராந்தாவில் முடங்கிக் கிடந்த செல்வி அக்கா அப்போதுதான் ஊருக்குக் கிளம்பினாள். பக்கெட், மக், போர்வை எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். செலவுக்கு அடகு வைக்க நான் கழற்றிக் கொடுத்த சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டாள். படியிறங்கியவள் திரும்பி வந்தாள்.

“வூட்டுச் சாவியக் குடு. பாத்ரூம நல்லா கழுவி வுட்டுடறேன். நீ வந்து அதப் பாக்க வேணாம்.”

அன்றாடத்தில் ஆண்டவர் பேசுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேசுகிறார். எறும்பைப் பார்த்து எறும்பு ஏன் வந்தது என்று கேட்ட ஒருத்தி வாயால் பேசினார். அவள் எங்கள் ஆலயத்துக்குள் ஒருமுறைகூட வந்ததில்லை.

ஈஸ்டர் அன்று மாலை சபையிலிருந்து நான்கு பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். நைட்டி, சீப்பு, ஃபிளாஸ்க், ஒரு டப்பா நிறைய எலுமிச்சைச் சாதம். அவர்கள் அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்கள் சங்கச் செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், உங்க அஞ்சாம் வார்த்தயக் கேட்டு அழாதவங்க இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆண்டவர் பண்ணதச் சபை முன்னாடி நீங்க சாட்சியா சொல்லணும். எவ்ளோ பெரிய அற்புதம்.”

ஷீபா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பார்க்கிறேன் என்றேன். அவர்கள் போனதும் கண்ணைத் திறந்தாள். தூங்கவேயில்லை.

“அம்மா, என்ன வச்சி இனிமே கதை சொல்லாத.”

“சரிம்மா.”

“அன்னிக்கு எனக்குத் தாங்க முடியல. வெளிய காம்பவுண்ட்ல கொழாய் இருக்குது இல்ல, அதுல போயி குடிச்சிட்டு வந்துடலாம்னு எழுந்திரிக்கத்தான் பாத்தேன். அப்பத்தான் நீ தண்ணிகூடத் தொடலன்னு சொன்ன. எல்லாரும் என்னையே பாத்தாங்க. எப்பிடி எழுந்து போறது?”

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிச்சிடு என்றேன். “ம்” என்றாள். அது மன்னிப்பா, தூக்கமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு இரண்டு இடங்களை அடித்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை அவளைப் பொது வார்டுக்கு மாற்றினார்கள். வாழ்நாள் முழுக்க, தினம் நான்கு வேளை ஊசி. சர்க்கரை இறங்கிப் போனாலும் ஆபத்து, ஏறிப் போனாலும் ஆபத்து. எழுதி வைத்துக்கொள்ள ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். முதல் ஊசியை நான் போட்டேன். இரண்டாவதை அவளே போட்டுக்கொண்டாள்.

ஜான்சன் எந்த நேரமும் வந்துவிடுவார் என்பது அடுத்த பயம். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒப்பித்தேன். பரீட்சை, வெயில், லெந்து என்று மூன்று காரணம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூட நிற்காது என்று எனக்கே தெரிந்தது.

பதினொரு மணிக்கு வந்தார். மூன்று நாள் தாடி, தோளில் பை. வாசலில் வைத்திருந்த கிருமிநாசினியைக் கையில் ஊற்றி இரண்டு முறை தேய்த்துக்கொண்டார். கட்டிலருகே வந்து, ஷீபாவின் குத்துப்பட்ட விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப எளச்சிட்டேனாப்பா?”

“கொஞ்சம். தேத்திடலாம்.”

அவள் தூங்கியதும் வராந்தாவுக்கு வந்தோம். ஒப்பித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. “நீங்க அன்னிக்கே சொன்னீங்க” என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“ஒரு தடவ சொன்னேன். ஷிப்டுக்கு நேரமாயிடுச்சின்னு ஃபோன வச்சிட்டேன். ரெண்டாந்தடவ கேக்கவே இல்ல ரூபி. நானும் தெனம் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் பிரித்தார்.

“எத்தன மணிக்கு எவ்ளோ போடணும், மொதல்லேர்ந்து சொல்லு. எனக்கும் தெரியணும்.”